கடைநிலை

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனமலையில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். பக்கத்து ஊர்க்காரி. முதுகலைத் தமிழ், நெட் தேர்ச்சி, முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் கட்டத்தில் இருக்கிறாள். ஒரு சுயநிதிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணல் போய் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. “ஒரு வாரத்துல சொல்றோம்மா” என்று அனுப்பியிருக்கிறார்கள். சொல்லவில்லை. கைப்பேசியை என்னிடம் நீட்டி, “இத அனுப்பலாமாம்மா? தப்பா எடுத்துக்க மாட்டாங்கல்ல?” என்றாள்.

அதில் இருந்தது இது:

“வணக்கம் ஐயா. தொந்தரவுக்கு மன்னிக்கவும். தங்கள் பொன்னான நேரத்தை வீணடிப்பதற்கு மன்னிக்கவும். கடந்த மாதம் தங்கள் கல்லூரிக்கு நேர்காணலுக்கு வந்திருந்தேன். தாங்கள் எவ்வளவு பணிச்சுமையில் இருப்பீர்கள் என்று தெரியும். முடிவு ஏதேனும் தெரிந்திருந்தால், தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது தெரிவித்தால் என்றென்றும் கடமைப்பட்டிருப்பேன். கேட்டது தவறாக இருந்தால் மன்னிக்கவும்.”

அடியில் கூப்பிய கைகள் இரண்டு.

இலக்கியம் கற்பிக்கிறவளிடம் எதைக் கொடுத்தாலும் பனுவலாகத்தான் படிப்பாள். மூன்று மன்னிப்பு இருக்கிறது. எந்தப் பணி, எந்தத் துறை, எந்தத் தேதி என்பது இல்லை. இன்னொன்றும் இல்லை; அதை நான் சொன்ன பிறகுதான் அவள் கவனித்தாள். அவள் பெயர் இல்லை. பணிவு அவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டதில் எழுதியவளுக்கு இடம் போதவில்லை. பெற்றுக்கொள்பவர் நல்லவராகவே இருந்தாலும், யாருக்குப் பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியாது.

சிரிக்க முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் எழுதினேன். அப்போது தாளில் எழுதினோம். அதனால் கூப்பிய கைகளைச் சொற்களிலேயே வரைய வேண்டியிருந்தது.

அது ஓர் அரசு உதவிபெறும் கல்லூரி. பெயர் வேண்டாம். நேர்காணல் பன்னிரண்டு நிமிடம். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து ஆண்கள், ஒரு பெண். அந்த அம்மையார் வாயே திறக்கவில்லை. என் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி. “கவிதையெல்லாம் எழுதுவீங்களாமே” என்று ஒருவர் சொல்ல, அதற்கு ஒரு சிரிப்பு. மீதி நேரமெல்லாம் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார், பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார், இவ்வளவு தூரம் வந்து தங்குவீர்களா, திரும்பப் போய்விடுவீர்களா. முடிவை அஞ்சலில் தெரிவிப்பதாகச் சொன்னார்கள். அந்த ஏழு வாரமும் பனமலையில் தபால்காரரின் சைக்கிள் மணியை வைத்துத்தான் எனக்குக் காலை, மதியம் எல்லாம்.

அப்போது நான் அனுப்பிய முதல் கடிதத்தின் படி இன்னும் கோப்பில் கிடக்கிறது. “சமூகம் அவர்கட்கு” என்று தொடங்கி “தங்கள் கீழ்ப்படிதலுள்ள” என்று முடிகிறது. முனைவர் பட்டம் பெற்றவள், இரண்டு கவிதைத் தொகுப்பு வெளியிட்டவள், ஆறாம் வகுப்பில் இரண்டு நாள் விடுப்பு கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் வடிவத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன். வேறு வடிவம் எதுவும் எனக்குக் கற்பிக்கப்படவில்லை. தமிழில் வேலையும் பணி, வணங்குதலும் பணி. காலிப் பணியிடத்துக்குப் பணிவன்புடன் எழுதுகிறோம். மொழி அப்படி அமைந்துவிட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த இரண்டையும் பிரித்தே வைத்திருந்த ஒரு மரபு இதே மொழியில் உண்டு. ஆண்டுதோறும் அதைப் பாடம் நடத்தித் தேர்வுக்குக் கேள்வி கேட்கிறோம். நம் கடிதம் எழுதும்போது மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

அதன் பெயர் பரிசில் கடாநிலை. பாடாண் திணையின் துறைகளில் ஒன்று. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் காலம் நீட்டிக்கும் தலைவனிடம், புலவர் தமக்குரியதை வற்புறுத்திக் கேட்பது. நேர்காணல் முடிந்து பதில் வராதபோது எழுதுகிற கடிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியிலும் இருக்காது. தொல்காப்பியம் புறத்திணையியலில் இன்னொரு நிலையையும் சொல்கிறது. நெடுந்தொலைவு வந்தவர் தம் வருத்தம் தீர வாயில் காவலரிடம் தம் வரவைச் சொல்வது. அதற்குக் கடைநிலை என்று பெயர். இன்று கடைநிலை ஊழியர் என்றால் வேறு பொருள். அந்தப் பொருள் மாற்றத்தைப் பற்றியே தனியாக எழுதலாம்.

காத்திருத்தல் என்றதும் தமிழ் படித்த பெண்ணுக்கு நினைவுக்கு வருவது முல்லை. இருத்தலும் இருத்தல் நிமித்தமும். கார்காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை, அவள் ஆற்றியிருக்கிறாள். குறை சொல்லவும் தோழிதான் பேச வேண்டும். நூறு நூறு பாடல்களாக இதைப் படித்து, அழகு என்று உணர்ந்து, உணர்ந்ததைக் கற்பித்தும் வருகிறோம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பழகிய உடம்பை அப்படியே வேலைவாய்ப்புக்கும் கொண்டு போகிறோம். கல்லூரித் தாளாளரின் மௌனத்தைத் தலைவனின் பிரிவு போலத் தாங்குகிறோம். “அவங்களுக்கு என்ன வேலையோ” என்று அவர்களுக்காக நாமே காரணம் தேடுகிறோம். திணை மயக்கம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். வேலைக்காகக் காத்திருப்பது அகம் அல்ல, புறம். அது பாடாண் திணை. அங்கே காத்திருப்பவர்க்குப் பேசும் உரிமை துறையாகவே வகுக்கப்பட்டிருக்கிறது.

1894-இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டதிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ நோக்கில் அதைப் படித்திருக்கிறார்கள். ஒரு வேலை தேடும் பெண்ணாக நான் படித்தபோது என்னை முதலில் நிறுத்தியது 196ஆம் பாட்டு. ஆவூர் மூலங்கிழார், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் பரிசில் நீட்டித்தபோது பாடியது. அதில் அவர் ஒரு கணக்கு வைக்கிறார். கொடுக்க முடிந்ததை முடியும் என்பதும், முடியாததை முடியாது என்று மறுப்பதும், இரண்டுமே நட்பின் பாற்பட்டவை. முடியாததை முடியும் என்று நம்பவைப்பதும், முடிந்ததை இல்லை என்பதும், இரண்டும் கேட்பவரை வாட்டுபவை. கொடுப்பவரின் புகழையும் குறைப்பவை. அதாவது அவர் கேட்பது பரிசிலை மட்டுமல்ல. தெளிவான ஒரு ‘இல்லை’யைக்கூட அவர் மரியாதையின் பக்கம் வைக்கிறார். பிறகு உன் மக்கள் நோயின்றி வாழட்டும் என்று வாழ்த்திவிட்டு, வெயிலையும் பனியையும் பாராமல் போகிறேன் என்று கிளம்புகிறார். வாழ்த்து இருக்கிறது, மன்னிப்பு இல்லை. பணிவான நினைவூட்டல் எப்படி இருக்கும் என்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் அந்தப் பாட்டின் கடைசியில் ஒருத்தி இருக்கிறாள். நாணத்தைத் தவிர வேறு உடைமை இல்லாத அவருடைய மனைவி. அவளை நினைத்துக்கொண்டுதான் அவர் புறப்படுகிறார். இப்படித்தான் பல பாட்டுகளிலும். சேரமான் குடக்கோச்சேரல் இரும்பொறையிடம் காத்துச் சலித்த பெருங்குன்றூர் கிழார், 210இல், வீட்டில் உயிர் மிச்சமிருந்தால் என்னையே நினைத்துக்கொண்டிருப்பவள் என்று தன் மனைவியைச் சொல்லித் திரும்புகிறார். குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனாரின் பாட்டுகளில் வற்றிய முலையும் பால் கிடைக்காத பிள்ளையும் வருகின்றன. ஆண் புலவர் பரிசில் கேட்க வருகையில் குடும்பத்தைக் கூடவே கூட்டி வருகிறார். வீட்டில் பசித்த மனைவி இருக்கிறாள் என்பது அவர் கோரிக்கைக்குப் பலம்.

நம் நேர்காணல் அறையில் இது எப்படித் தலைகீழாகிறது பாருங்கள். “எனக்குக் குடும்பம் இருக்கிறது” என்று ஓர் ஆண் சொன்னால் அது வேலைக்கான நியாயம். அதே சொற்களை ஒரு பெண் சொன்னால் அது வேலை கொடுக்காமல் இருப்பதற்கான நியாயம். என்னிடம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்று கேட்ட அதே குழு, எனக்கு முன்னால் உள்ளே போன ஆணிடம் அதைக் கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆறு பேரிடையே அரை மணி நேரத்தில் இது தெரிந்துவிட்டது.

ஆகவே ஒரு பெண் புலவர் பரிசில் நீட்டித்த தலைவனிடம் எதைக் காரணமாக வைக்கிறாள் என்று பார்க்க வேண்டும். வீட்டில் பசித்த மனைவி அவளுக்குக் கிடையாது.

ஔவையார் அதியமானைப் பற்றிப் பாடிய இரண்டு பாட்டு இங்கே நமக்கு வேண்டும். தொகுப்பில் 101, 206. முதலாவதில் பொறுமை. ஒரு நாள் போனாலும், பல நாள் பலரோடு போனாலும் முதல்நாள் அன்போடு வரவேற்பவன் அவன். பரிசில் தாமதமானாலும் ஆகாவிட்டாலும், யானை தன் கொம்பிடையே வைத்துக்கொண்ட கவளம் போல அது நம் கையில் கிடைத்ததுதான் என்று தன் நெஞ்சுக்குச் சொல்கிறாள். இரண்டாவதில் பொறுமை தீர்ந்துவிட்டது. வாயில் காவலனை இருமுறை அழைத்துப் பேசுகிறாள். அஞ்சிக்கு இரண்டில் ஒன்று தெரியாமல் போயிருக்கிறது என்கிறாள்: தான் யார் என்பது, அல்லது நான் யார் என்பது. அறிவும் புகழும் உடையவர்கள் செத்துப்போய் உலகம் வெறுமையாகிவிடவில்லை. மூட்டை கட்டியாகிவிட்டது. தச்சன் வீட்டுக் கைதேர்ந்த பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போனால் மரத்துக்கா பஞ்சம்? அப்படித்தான் எந்தத் திசையில் போனாலும் எனக்குச் சோறு.

காரணம் என்ன என்று கேட்டோமே. பசி அல்ல, குடும்பம் அல்ல, அவன் கருணையும் அல்ல. கோடரி. அதாவது தொழில். தேவையை வைத்துக் கேட்காமல் திறமையை வைத்துக் கேட்கிறாள்.

இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போது பல தலைமுறைகளாக ஒரு விளக்கம் சேர்த்துச் சொல்லப்படுகிறது. அதியமான் ஏன் நீட்டித்தான்? பரிசில் கொடுத்தால் ஔவை போய்விடுவாளே, அவளைப் பிரிய மனமில்லாமல் தாமதித்தான், ஔவை தவறாகப் புரிந்துகொண்டாள். எனக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் சில ஆண்டுகள் இப்படித்தான் சொன்னேன். பாட்டில் இதற்கு ஒரு சொல்கூட ஆதாரம் இல்லை. பாட்டில் இருப்பது அடைபட்ட நிலையும் கோபமும். ஆண் ஒருவன் பெண்ணின் உழைப்புக்குரியதைத் தாமதித்தால் அதற்கு அன்பென்று உரை எழுதுவது நம் பழக்கம். நெல்லிக்கனி கொடுத்தவன் என்பதால் இந்தத் தாமதமும் கணக்கில் வராது. மூலங்கிழாருக்கு நீட்டித்த பாண்டியனுக்கு யாரும் இப்படி அன்புக் காரணம் தேடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். என் வகுப்பில் இந்த விளக்கத்தை நிறுத்திவிட்டேன். மாணவிகள் விடுவதில்லை. “இல்லம்மா, அவருக்குப் பிரிய மனசில்ல” என்று ஆண்டுதோறும் யாராவது ஒருத்தி எழுந்து சொல்கிறாள்.

ஆனால் இங்கே நானே என்னை மறுத்துக்கொள்ள வேண்டும். ஔவையின் வரியை எடுத்து வைத்துக்கொண்டு, “அப்படியே எழுது பெண்ணே, எத்திசையும் உனக்குச் சோறு” என்று என் மாணவியிடம் சொல்ல முடியுமா? ஔவை பாணர் மரபின் நடமாட்டம் உடையவள். ஒரு தலைவன் மறுத்தால் அடுத்த மலைக்கு நடக்க அவளுக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. கோபத்துக்கு அந்த வழி திறந்திருந்தது. என் மாணவி செஞ்சியைத் தாண்டி வேலைக்குப் போவதற்கே வீட்டில் ஆறு மாதம் பேச வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு நம் துறை சிறியது. ஒரு கல்லூரித் துறைத்தலைவர் அடுத்த கல்லூரி நேர்காணலில் வல்லுநராக உட்கார்ந்திருப்பார். “அந்தப் பொண்ணு வாயாடி” என்ற ஒரு வாக்கியம் நூறு கிலோமீட்டர் போகும். சாதி தெரிந்தால் அந்த வாக்கியம் இன்னும் வேகமாகப் போகும். ஆகவே அவளுடைய பயத்தை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். ஔவையின் கோபம் நமக்கு இன்னும் கைக்கு எட்டவில்லை. மூலங்கிழாரின் கணக்கு எட்டும்: முடியும் என்றால் முடியும் என்று சொல், முடியாது என்றால் முடியாது என்று சொல்.

அந்தக் கணக்கை ஒரு நாட்டில் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள். நம்மவர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், பொதுவில் விளம்பரம் செய்த ஒரு பணிக்கு ஒருவரை நேர்காணல் செய்தால், கடைசி நேர்காணலிலிருந்து 45 நாளுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்பதை அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். நம் ஊர்த் தனியார் நிறுவனத்துக்கு அப்படி ஒரு கடமை இல்லை.

ஆனால் கல்லூரி ஆசிரியப் பணியில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. எனக்கும் ஏழு வாரம் காத்திருந்தபோது தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகள், 2010இலும் சரி, 2018இலும் சரி, தேர்வுக் குழுவின் வேலை நேர்காணல் நடந்த அன்றே, பல நாள் நடந்தால் கடைசி நாளிலேயே முடிய வேண்டும் என்கின்றன. மதிப்பெண் படிவத்தோடு நடவடிக்கைக் குறிப்பு எழுதி, பரிந்துரையில் எல்லா உறுப்பினர்களும் கையெழுத்திட வேண்டும். அதாவது நீங்கள் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருக்கும்போதே உங்கள் முடிவு ஒரு தாளில் எழுதப்பட்டுவிட வேண்டும். அதன்பின் நீள்வதை ‘பரிசீலனை’ என்று நினைத்து நாம் மரியாதை கொடுக்க வேண்டியதில்லை. ஒப்புதல் வாங்கும் நடைமுறை இருக்கலாம், வழக்கு இருக்கலாம், பேரம் இருக்கலாம். எதுவானாலும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அரசு நிதியில் பெருமளவு நடக்கும் கல்லூரி தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதை உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாக்கியிருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. என் மதிப்பெண் என்ன, குழுவில் யார் யார், குறிப்பில் என்ன எழுதினார்கள் என்று கேட்கலாம். இது கடைசிப் படி. முதல் படியே இதுவாக இருந்தால் எதிரே இருப்பவர் உடனே வழக்கறிஞரைத்தான் தேடுவார்.

அரசின் நீட்டிப்பு இன்னொரு கதை. 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களை அறிவித்தது. கற்பித்தல் அனுபவத்துக்கு 15, கல்வித் தகுதிக்கு 9, நேர்காணலுக்கு 10 மதிப்பெண். அது நியமனமாக முடியவில்லை. முறை எழுத்துத் தேர்வுக்கு மாறி, 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு மறுபடி அறிவித்தார்கள். அந்த ஆகஸ்டில் நடக்கவிருந்த தேர்வும் தள்ளிப்போனது. இருபத்தேழு வயதில் சான்றிதழ்களைப் பதிவேற்றியவளுக்கு இடையில் முப்பத்திரண்டு ஆகிவிட்டது. அந்த ஐந்தாண்டும் ஆணுக்குக் காத்திருப்பு. பெண்ணுக்குத் திருமணப் பேச்சு, பிள்ளைப்பேறு, “இன்னும் எத்தனை நாள்தான்” என்ற மாமியாரின் கேள்வி. ஒரே அறிவிக்கைதான். இடையில் பலர் கௌரவ விரிவுரையாளர் ஆனார்கள். கௌரவம் பெயரில் இருக்கிறது, சம்பளத்தில் இல்லை.

நீண்ட நினைவூட்டல் என்றால் எனக்கு சி.பி.முத்தம்மாவின் நினைவு வரும். சென்னையில் படித்தவர். 1948இல் குடிமைப்பணித் தேர்வில் வென்று, அடுத்த ஆண்டு இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். நேர்காணலிலேயே இந்தப் பணி பெண்ணுக்கு வேண்டாம் என்று அவரைத் திருப்பப் பார்த்தார்கள். திருமணம் செய்துகொண்டால் விலகுவேன் என்று எழுதி வாங்கினார்கள். முப்பது ஆண்டு கழித்து, பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. அதனால் மனு தள்ளுபடிதான். ஆனால் 1979 தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளின் பெண்வெறுப்பைப் பெயர் சொல்லிக் கண்டித்து, அவற்றைச் சீர்செய்யச் சொன்னார். கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள் என்ற வரிசையை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். என் முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். எடுத்தவர் ஓர் எழுத்தர், வயதானவர், குரலில் தெரிந்தது. “ஏம்மா, நீங்க கூப்பிட்டீங்கன்னு சொன்னா உள்ள கோவப்படுவாங்கம்மா. எழுதிப் போடுங்க, நான் கோப்புல வெச்சுடறேன்” என்றார். அன்று அது அவமானமாக இருந்தது. பிறகுதான் 206ஐ மறுபடி படிக்கும்போது, ஔவை ஏன் காவலனைத் திட்டவில்லை என்பது புரிந்தது. கேட்டு வருபவர்க்குக் கதவை அடைக்காதவன் நீ என்று அவனைச் சிறப்பித்துவிட்டுத்தான் உள்ளே இருப்பவனைப் பற்றிப் பேசுகிறாள். வாயிலில் நிற்பவன் முடிவெடுப்பவன் அல்ல என்பது அவளுக்குத் தெரியும். அந்த எழுத்தர் எனக்குச் சொன்னது நல்ல யோசனை. எழுத்தில் கேட்டால் கோப்பில் ஏறும், கோப்பில் ஏறினால் யாராவது ஒருவர் குறிப்பு எழுதியாக வேண்டும்.

அந்த வாரங்களில் மாலையில் தாளகிரீசுவரர் கோயில் குன்றுக்கு ஏறிவிடுவேன். ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயில். பக்கச் சன்னதி ஒன்றின் சுவரில் அந்தப் பெண் நிற்கிறாள், பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தலைக்கு மேல் குடை, ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றிய ஒய்யாரம், சிவனின் ஆட்டத்தைப் பார்க்கும் உமை. ஆடுகிறவனின் ஓவியம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்க்கிறவள் மிஞ்சியிருக்கிறாள். அவள் காத்திருக்கிறாள் என்று அப்போது ஒரு கவிதை எழுதினேன். மோசமான கவிதை, தொகுப்பில் சேர்க்கவில்லை. அவள் எதற்கும் காத்திருக்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் மனநிலையை அவள் தலையில் ஏற்றியிருந்தேன். கீழே ஏரியில் அந்த ஆண்டு தண்ணீர் குறைவு.

இரண்டாம் கடிதத்தை அந்தக் குன்றிலிருந்து இறங்கி வந்து எழுதினேன். நாலு வரி. பெயர், பணி, நேர்காணல் தேதி, விண்ணப்ப எண். முடிவை அஞ்சலில் தெரிவிப்பதாகச் சொன்னதை நினைவூட்டுகிறேன், தெரிவிக்கவும். “தங்கள் கீழ்ப்படிதலுள்ள” என்பதை எழுதிப் பிறகு அடித்துவிட்டு, வேறு தாளில் “இப்படிக்கு” என்று மட்டும் போட்டேன். பதிவு அஞ்சலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். (அந்தப் பதிவு அஞ்சலே 2025இல் விரைவு அஞ்சலோடு சேர்க்கப்பட்டுவிட்டது. இப்போது அனுப்புகிறவர்கள் விரைவு அஞ்சலில்தான் அனுப்ப வேண்டும்.) மூன்று வாரத்தில் இரண்டு வரிப் பதில் வந்தது. நான் தெரிவு செய்யப்படவில்லை. அம்மா அழுதாள். நான் அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன். மறுநாள் இன்னொரு கல்லூரிக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். இந்த இரண்டு மாதமும் அதை எழுதவே கை வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மௌனம் என்னிடமிருந்து அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் திண்ணையில் என் மாணவியிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. “மூணு மன்னிப்பையும் எடு, உன் பேரைப் போடு” என்றேன். எடுத்தாள். எடுத்ததும் பயந்துவிட்டாள். “இப்ப ரொம்ப வெறப்பா இருக்கேம்மா” என்றாள். வணக்கமும் நன்றியும் இருக்கிறதே, அது போதாதா என்றேன். அரை மணி நேரம் அடித்தும் திருத்தியும் கடைசியில் இப்படி வந்தது. முதலில் அவள் பெயர், பிறகு:

“ஜூன் 12 அன்று தமிழ்த்துறை உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்காணலில் கலந்துகொண்டேன். ஒரு வாரத்தில் முடிவைத் தெரிவிப்பதாகக் கூறினீர்கள். முடிவு ஆகியிருந்தால் அதையும், ஆகவில்லை என்றால் எப்போது தெரியும் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். இல்லை என்றாலும் தெரிவியுங்கள், வேறு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. நன்றி.”

‘இல்லை என்றாலும் தெரிவியுங்கள்’ அவளே சேர்த்தது. 196ஐ நான் அவளுக்கு இரண்டாமாண்டில் நடத்தியிருக்கிறேன். அவளுக்கு நினைவிருந்ததா என்று கேட்கவில்லை.

கூப்பிய கைகளை எடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை. இரண்டில் ஒன்றை விட்டுவைத்தோம். அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். பதினைந்து நாள் பார், இல்லையென்றால் இதையே அலுவலக மின்னஞ்சலுக்கும் அனுப்பு, மூன்றாவது தடவை தாளில் அனுப்பு என்று சொல்லி அனுப்பினேன்.

நேற்றோடு பதினைந்து நாள் ஆயிற்று. மின்னஞ்சலை நேற்று இரவே அனுப்பிவிட்டாள். எனக்கு இன்று காலைதான் தெரியும். என்னிடம் காட்டவில்லை.